28 பவுண்டும் மூன்று விதிகளும்

கிறிஸ்தவ மேடைகளில் பணத்தைப் பற்றிப் பேசப்பட்ட பிரசங்கங்களுள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியினுடையதைப்போல அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டதும், அவரவர் வசதிப்படி பாதியிலேயே நிறுத்தப்பட்டதும் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. 1760-இல் அச்சேறிய 'பணத்தின் பயன்பாடு' என்ற அந்தப் பிரசங்கத்துக்கு ஆதாரம், லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரனின் உவமை. அதிலிருந்து வெஸ்லி மூன்று விதிகளை வகுக்கிறார். இயன்ற மட்டும் சம்பாதிக்க வேண்டும், இயன்ற மட்டும் சேமிக்க வேண்டும், இயன்ற மட்டும் கொடுக்க வேண்டும். மூன்றும் ஒரே கயிற்றின் புரிகள், ஒன்றைப் பிரித்தால் மற்றவை நிற்கா என்பது அவர் எண்ணம். அவரைப் பின்பற்றிய மெதடிஸ்டுகள் பிரித்துத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இதை எதிரிகள் சொல்லவில்லை, அவரே சொன்னார். 1789-இல், 86 வயதில், டப்ளினில் இருந்தபடி எழுதிய ஒரு பிரசங்கத்தில் தம் வாழ்நாள் உழைப்பின் கணக்கைப் பார்க்கிறார். முதல் விதியைக் கைக்கொள்வோர் பலர் உண்டு, இரண்டாவதைக் கைக்கொள்வோர் சிலர் உண்டு என்கிறார். மூன்றாவதைக் கைக்கொள்வோர் 50,000 மெதடிஸ்டுகளில் 500 பேராவது தேறுவார்களா என்று கேட்கிறார். நூற்றுக்கு ஒருவர். அரை நூற்றாண்டு குதிரைமேல் ஊர் ஊராய்ச் சென்று பிரசங்கித்த ஒருவர், தம் போதனையின் விளைச்சலை இவ்வளவு ஒளிவுமறைவின்றி அளந்து சொன்னது பெரிய நேர்மை. அந்த நேர்மைக்கு நாம் செய்யும் மரியாதை, அவர் கேட்ட கேள்வியை இன்னொரு படி கொண்டுபோவதுதான். தோற்றது மக்களா, விதியா?

பிரசங்க பீடங்கள் வழக்கமாகச் சொல்லும் விடை, மனித மனம் கடினமானது, போதனையில் குறையில்லை என்பது. வெஸ்லியும் ஏறக்குறைய அதையே சொன்னார்: தன்னை வெறுத்தல் என்பதை மக்கள் மறந்துவிட்டார்கள் என்று. எனக்கு அந்த விடை போதவில்லை. விதியின் அமைப்பிலேயே ஒரு குறை இருந்தது. அந்தக் குறையை வெஸ்லியின் சொந்த வாழ்க்கையே காட்டிக்கொடுக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் விதிக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். இயன்ற மட்டும் சம்பாதி என்பதை மட்டும் கேள்விப்பட்டு, இது முதலாளித்துவத்துக்குப் பூசிய ஞானஸ்நானம் என்று ஒதுக்குகிறவர்கள் பிரசங்கத்தைப் படித்திருக்க மாட்டார்கள். சம்பாதிப்பதற்கு அதில் போடப்பட்ட வேலிகள் கடுமையானவை. உடல்நலத்தைக் கெடுக்கும் தொழில் கூடாது. பாஷாணத்தோடு புழங்குவதையும் உருகும் ஈயத்தின் ஆவியை மூச்சிழுப்பதையும் பெயர் சொல்லியே விலக்குகிறார். அளவிலும் விலையிலும் பொய் கூடாது. சந்தை விலைக்குக் கீழே விற்றுப் பக்கத்துக் கடைக்காரனை நொடிக்கச் செய்யக் கூடாது. அவனுக்குத் தேவைப்படும் வேலையாளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது. சாராயம் காய்ச்சி விற்போரை ஊருக்கே விஷம் வைப்பவர்கள் என்ற கணக்கில் சேர்க்கிறார். காசுக்காக நோயை நீட்டிக்கும் வைத்தியரையும் விடவில்லை. தொழிற்புரட்சி தலைகாட்டத் தொடங்கிய இங்கிலாந்தில், வியாபாரியிடம் நேருக்கு நேர் இப்படிப் பேசுவது சாதாரணக் காரியமில்லை. இன்று எந்தத் திருச்சபையிலாவது போட்டியாளனின் பிழைப்பைக் கெடுக்கும்படி விலையைக் குறைப்பது பாவம் என்று பிரசங்கித்தால் முன்வரிசையில் எத்தனை பேர் நெளிவார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்த வேலிகள் எவ்வளவு தேவை என்பதற்கு வெஸ்லியின் நெருங்கிய தோழர் ஜார்ஜ் விட்ஃபீல்டின் வாழ்வே சான்று. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 'பெதஸ்தா' என்ற அனாதை இல்லத்தை அவர் நடத்தினார். அதற்காக அவர் பணம் திரட்டிய உழைப்பு வியக்கத்தக்கது. அந்த இல்லத்தைத் தாங்குவதற்கென்றே 1747-இல் தென் கரோலினாவில் அடிமைகளை வேலைவாங்கும் தோட்டம் ஒன்றை வாங்கினார். ஜார்ஜியாவில் அடிமைமுறையை அனுமதிக்க வேண்டும் என்று வாதாடினார். 1751-இல் அது அனுமதிக்கப்பட்டது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கான சோறு, வேறு பிள்ளைகளின் பெற்றோரைச் சங்கிலியில் வைத்து விளைந்தது. கொடுப்பதை மட்டும் வைத்து ஒருவரை அளந்தால் விட்ஃபீல்ட் மாபெரும் கொடையாளி. வெஸ்லியோ 1774-இல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு சிறுநூல் எழுதினார். 1791-இல் சாவதற்குச் சில நாள் முன், அடிமை வியாபார ஒழிப்புக்காகப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்கு எழுதிய கடிதமும் அதே காரியத்துக்காகத்தான். சம்பாதிக்கும் வழி அசுத்தமாயிருந்தால் கொடுக்கும் கை அதைச் சுத்தமாக்காது என்ற இடத்தில் முதல் விதி அசையாமல் நிற்கிறது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

இரண்டாம் விதிக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. வெஸ்லி சொல்லும் சேமிப்பு பெட்டியில் அடுக்குவதைக் குறிக்காது. தனக்கென்று செலவழிப்பதைக் குறைப்பதையே குறிக்கும். நாவின் ருசி, சுவரில் படம், வீட்டுச் சாமான், அழகுத் தோட்டம் எல்லாவற்றையும் தொடுகிறார். பிள்ளைகளுக்குச் சொத்து வைப்பதைப் பற்றி அவர் சொன்னது நம் ஊர்க் குடும்பங்களில் இன்றும் கலகம் மூட்டும். பணத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைக்குப் பெரும்பங்கை வையுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு, அவர்கள் இதுவரை வாழ்ந்த நிலையில் தொடர்ந்து வாழும் அளவு போதும் என்கிறார்.

ஆனால் முதல் விதியையும் இரண்டாம் விதியையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் ஆபத்து தெரிகிறது. கடுமையாக உழைத்து, தனக்கென்று செலவழிக்காத ஒருவனிடம் பணம் சேர்ந்தே தீரும். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1904-05-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில் வெஸ்லியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது இதற்காகத்தான். புராட்டஸ்டண்ட் துறவு மனப்பான்மை செல்வத்தை அனுபவிக்கத் தடைபோட்டது, ஈட்டத் தூண்டியது, எனவே மூலதனம் திரண்டது என்பது வெபரின் கணக்கு. வெபர் வெஸ்லியைத் திரித்துவிட்டார் என்று சிலர் குறைப்படுவதுண்டு. அது நியாயமில்லை. மூன்றாம் விதி இருப்பதையும் வெபர் குறிப்பிட்டிருக்கிறார். தவிர, வெபர் எடுத்தாண்ட பகுதியே வெஸ்லியின் பயத்தைச் சொல்லும் பகுதி. மெதடிசம் குறித்து 1786-இல் எழுதியபோது, பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பிக்கும், அவை ஐசுவரியத்தைப் பிறப்பிக்கும், ஐசுவரியம் பெருகப் பெருகப் பக்தி தேயும் என்று வெஸ்லியே தம் இயக்கத்தின் வியாதியை முன்கூட்டிச் சொல்லிவிட்டார். அந்தச் சுழலிலிருந்து தப்ப ஒரே வழி கொடுப்பதுதான் என்றும் சொன்னார். அப்படியானால் முழுப் பாரமும் மூன்றாம் விதியின் தலையில் விழுகிறது. அது தாங்குமா?

இங்கே பிரசங்கத்தை மூடி வைத்துவிட்டு, பிரசங்கித்தவரின் வாழ்க்கையைத் திறக்க வேண்டும். வெஸ்லியின் தகப்பனார் சாமுவேல், எப்வொர்த் ஊரின் ஆங்கிலிக்கன் குரு. 1705-இல், மகனுக்கு இரண்டு வயதாகும்போது, 30 பவுண்டுக்கும் குறைவான ஒரு கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். பணம் இல்லாமை என்ன செய்யும் என்பது அந்த வீட்டுக்கு ஏட்டறிவாக வந்ததில்லை. மகன் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் லிங்கன் கல்லூரியில் 1726-இல் உறுப்பினரானார். அந்நாளில் ஒரு குளிர்காலப் பகலில், அவரும் நண்பர்களும் செலவு செய்து படிக்கவைத்த ஏழைப் பெண் ஒருத்தி அவர் அறைக்கு வருகிறாள். உடம்பில் மெல்லிய நூல் அங்கி மட்டும். போர்த்திக்கொள்ள வேறெதுவும் இல்லையா என்று கேட்கிறார். இல்லை என்கிறாள். சட்டைப்பையில் கைவிட்டுப் பார்த்தால் காசு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. இருந்ததைக் கொடுத்து அறைச் சுவருக்குப் படங்கள் வாங்கியிருந்தார். அந்தச் சுவரும் அந்தப் பெண்ணின் நடுக்கமும் எதிரெதிரே நின்ற கணம் அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. வயதான காலத்துப் பிரசங்கத்திலும் அதைச் சொல்கிறார்.

அந்தக் காலத்துப் பிரசங்கம் ஒன்றில் இன்னொரு செய்தியும் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்களில் ஒருவர் என்று படர்க்கையில் சொல்கிறார்; அது வெஸ்லியே என்பது பொதுவாக எல்லாரும் ஏற்றுக்கொண்டது. முதல் ஆண்டு வருமானம் 30 பவுண்டு: 28-இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். மறு ஆண்டு வருமானம் 60: அப்போதும் 28-இல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். மூன்றாம் ஆண்டு 90: கொடுத்தது 62. நான்காம் ஆண்டு 120: கொடுத்தது 92.

இந்தக் கணக்கைத் தசமபாகத்தோடு ஒப்பிட்டால் இரண்டுக்குமுள்ள தூரம் புரியும். 120 பவுண்டு வருமானக்காரர் பத்தில் ஒன்று கொடுத்தால் கொடுப்பது 12, வைத்துக்கொள்வது 108. வருமானம் 1,200 ஆனால் கொடுப்பது 120, வைத்துக்கொள்வது 1,080. தசமபாகம் கொடுக்கும் பங்கை நிர்ணயிக்கிறது, வைத்துக்கொள்ளும் தொகைக்கு உச்சவரம்பு எதுவும் போடுவதில்லை. ஏழைக்கு அது பாரம். பணக்காரருக்கு வருமானம் ஏற ஏற இலகுவாகிக்கொண்டே போகும் பாரம். வெஸ்லியின் 28 இதைத் தலைகீழாக்குகிறது. நிர்ணயமாவது வைத்துக்கொள்ளும் தொகை. கொடுப்பது தானாக வளர்கிறது. காணிக்கைப் பெட்டியருகே உட்கார்ந்திருந்த இயேசு, இரண்டு காசு போட்ட விதவையைச் சீஷருக்குக் காட்டியபோது அளந்ததும் இப்படித்தான். மற்றவர்கள் போட்ட தொகை பெரிது. ஆனால் போட்ட பின் அவரவர் கையில் என்ன மீந்தது என்பதையே அவர் எண்ணினார்.

வெஸ்லி இந்த அளவை வாழ்நாள் முழுக்கக் காத்தார் என்பதற்குச் சான்றுகள் உண்டு. தமக்குப் பின் கடனும் புத்தகங்களும் போக 10 பவுண்டுக்கு மேல் விட்டுச்சென்றால் தம்மைத் திருடன் என்று உலகம் சொல்லட்டும் என்று 1743-இலேயே அச்சில் எழுதிவிட்டார். 1776-இல் வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி விதித்த கலால் அதிகாரிகள், இத்தனை பேரெடுத்தவரிடம் கணக்கில் காட்டாத வெள்ளி இருக்கும் என்று எண்ணிக் கடிதம் எழுதினார்கள். லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு வெள்ளித் தேக்கரண்டிகள் உள்ளன. சுற்றிலும் இத்தனை பேர் அப்பத்துக்கு வழியின்றி இருக்கையில் இதற்கு மேல் வாங்கப்போவதில்லை என்று பதில் போனது. தம்மைச் சுமந்து செல்லும் ஆறு ஏழைகளுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு என்றும், சவ வண்டியோ ஆடம்பரமோ கூடாது என்றும் உயிலில் எழுதினார்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வாழ்க்கையில் 28 என்ற எண் இருக்கிறது. பிரசங்கத்தில் எந்த எண்ணும் இல்லை. 'இயன்ற மட்டும்' என்ற சொல்தான் இருக்கிறது. மூன்றாம் விதியை விளக்கும்போது வெஸ்லி தரும் வரிசை இது: முதலில் உனக்குத் தேவையானது, பிறகு மனைவி, பிள்ளைகள், வேலைக்காரர்கள், பிறகு மீதமிருந்தால் விசுவாச வீட்டார், அதன் பிறகும் மீந்தால் எல்லா மனிதரும். பத்தில் ஒன்று, மூன்றில் ஒன்று, பாதி என்று கணக்குப் போடாதே, எல்லாமே தேவனுடையது என்றும் சொல்கிறார். கேட்க மிக உயர்ந்ததாக இருக்கிறது. ஆனால் தேவை என்பது நீளும் பொருள். மெழுகுவர்த்தி வியாபாரி துணி ஆலை முதலாளி ஆகும்போது தேவையும் கூடவே வளர்கிறது. வீடு, வண்டி, பிள்ளைகளின் படிப்பு, வியாபாரத்துக்கு வேண்டிய கையிருப்பு எல்லாம் நேர்மையாகவே தேவைக்குள் வந்துவிடும். சந்தேகம் வந்தால் நான்கு கேள்விகளை மனசாட்சியிடம் கேட்டுப் பார் என்கிறார் வெஸ்லி. அந்த மனசாட்சியும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறது. எல்லாம் தேவனுடையது என்று ஒப்புக்கொண்டபடியே எல்லாவற்றையும் தன்னிடமே வைத்திருக்க ஒரு விசுவாசியால் முடியும். உக்கிராணத்துவம் என்ற போதனை இன்று இத்தனை பிரபலமாயிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெஸ்லிக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருடைய 28 மற்றவர்க்கு அப்படியே பொருந்தாது. அது கல்லூரியில் தங்க இடமுள்ள, குடும்பமில்லாத இளைஞனின் எண். பின்னாளில் 1751-இல் அவர் மணந்தார். ஆனால் பிள்ளைகள் இல்லை. வாழ்நாளில் பாதி, விசுவாசிகளின் வீடுகளில் விருந்தாளியாகக் கழிந்தது. ஐந்து பிள்ளைகளோடு வாடகை வீட்டில் வாழும் நெசவாளியிடம் தம் எண்ணைத் திணிக்காதது விவேகம்தான். ஆனால் தம் எண்ணைத் திணிக்காமல் இருப்பது வேறு. உனக்கென்று ஒரு எண் வேண்டும் என்று சொல்லாமல் விடுவது வேறு.

அவருக்கு எண் போடத் தெரியாமலில்லை. தம் ஊர்சுற்றிப் பிரசங்கிகளுக்கு ஆண்டுக்கு 12 பவுண்டு என்று 1752-இல் நிர்ணயமாயிற்று. பிரசங்கிக்கு எண், வியாபாரிக்கு 'இயன்ற மட்டும்' என்ற இந்த வேறுபாட்டில்தான் தோல்வியின் வேர் இருக்கிறது.

எண்ணைக் காக்கும் கருவியும் அவர் கையிலேயே இருந்தது. 1742 பிப்ரவரியில் பிரிஸ்டல் சபைக் கட்டடத்தின் கடனைத் தீர்ப்பது எப்படி என்று கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் எழுந்து சொன்னார். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்று இன்னொருவர் சொல்ல, அப்படியானால் மிக ஏழைகளாகப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடிந்தால் கொடுக்கட்டும், முடியாவிட்டால் அவர்களுக்காக நான் போடுகிறேன் என்றார் அவர். சொன்னவர் ஃபாய் என்ற கப்பல் தலைவர் என்று கேள்வி. இப்படித்தான் மெதடிஸ்டுகளின் 'கிளாஸ்' பிறந்தது: பன்னிரண்டு பேர், ஒரு தலைவர், வாரந்தோறும் வீடு வீடாகச் சந்திப்பு. காசு வசூலிக்கப் போனவர்கள், ஒருவன் குடித்திருப்பதையும் இன்னொருவன் மனைவியோடு சண்டையிடுவதையும் கண்டு வந்து சொன்னார்கள். வசூல் ஏற்பாடு ஆன்மப் பராமரிப்பாக மாறியது. காசிலிருந்து ஆன்மாவுக்குப் போகும் வழியை இதைவிட அழகாகக் கண்டுபிடித்தவர்கள் சபை வரலாற்றில் குறைவு. லண்டனில் அந்த மக்களே சிறுகடன் நிதி ஒன்றையும் வைத்திருந்தார்கள். ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி 1775-இல் அதில் 5 பவுண்டு கடன் வாங்கிப் பழைய புத்தகக் கடையைப் பெருக்கினார். கடைசியில் ஆண்டுக்கு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்கும் லண்டனின் பெரும் புத்தக வியாபாரியானார். ஏழையைத் தூக்கிவிட அந்தச் சபைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

உயர்ந்துவிட்டவனிடம் என்ன கேட்பது என்பதுதான் தெரியவில்லை. 1743-இல் வெளிவந்த பொது விதிகளில், பூமியிலே பொக்கிஷம் சேர்ப்பது மெதடிஸ்டுகளுக்கு விலக்கப்பட்ட காரியங்களுள் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு நியூகாசில் சபையில் வெஸ்லி 64 பேரை நீக்கினார். காரணங்களை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். சாபமிட்டதற்கு 2 பேர், ஓய்வுநாளை மீறியதற்கு 2, குடிவெறிக்கு 17, சாராயம் விற்றதற்கு 2, சண்டை சச்சரவுக்கு 3, மனைவியை அடித்ததற்கு ஒருவர், பொய்க்கு 3, புறங்கூறலுக்கு 4, சோம்பலுக்கு ஒருவர், அசட்டைத்தனத்துக்கு 29. பொக்கிஷம் சேர்த்ததற்கு ஒருவர்கூட இல்லை. நியாயமாகப் பார்த்தால், அங்கிருந்தவர்களில் சுரங்கத் தொழிலாளரும் ஏழைகளும் அதிகம். சேர்ப்பதற்கு அவர்களிடம் என்ன இருந்திருக்கும்? ஆனால் பிறகு, சேர்ப்பதற்கு நிறைய இருந்த காலத்திலும் அந்த விதி விழித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. விழித்திருந்தால் 50,000-இல் 500 பேரைத் தேடும் அவலம் வந்திராது. குடிப்பதையும் சண்டையிடுவதையும் கிளாஸ் தலைவர் கேட்பார்; வருமானம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கேட்க அவருக்கு இடமிருக்கவில்லை.

1789-இன் அந்தப் பிரசங்கத்தில் வெஸ்லி இதை ஓரளவு உணர்ந்துவிட்டார். உடை விஷயத்தில் குவேக்கர்களையும் மொரேவியர்களையும்போல நான் உறுதியாக இருந்திருக்கலாம், இதுதான் எங்கள் உடை, விரும்பினால் சேருங்கள் என்று சொல்லியிருக்கலாம், இனி என்ன செய்வதென்று தெரியவில்லை, காலம் கடந்துவிட்டது என்ற பொருளில் வருந்துகிறார். படிக்கும்போது மனசு கனக்கிறது. உடையைப் பற்றிச் சொன்னதைப் பணத்துக்கும் நீட்டியிருந்தால் தம் நோயின் பெயரை அவரே கண்டுபிடித்திருப்பார்.

ஆகவே என் தீர்ப்பு இது. முதல் விதி, வேலிகளோடு, நிற்கிறது. மூன்றாம் விதி திசையில் சரி, இருக்குமிடத்தில் தவறு. அது கடைசியில் வைக்கப்பட்டதால் மீதியின்மேல் மட்டும் அதிகாரம் பெற்றது. முதலில் வைத்திருக்க வேண்டும்: சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே, ஒரு குடும்பம் தனக்கு எவ்வளவு போதும் என்று எண்ணிட்டுச் சொல்ல வேண்டும். அந்த எண் குடும்பத்துக்குக் குடும்பம் மாறட்டும். ஆனால் அது அந்தக் குடும்பத்தைத் தவிரப் பத்துப் பன்னிரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்; பிள்ளைப்பேறு, வியாதி, விலைவாசி என்று காரணம் சொல்லி அதை மாற்றும்போதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். வெஸ்லி தமக்குச் செய்துகொண்டதில் பாதியை மக்களுக்குச் சொன்னார், பாதியைத் தம்மோடு வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்ட பாதியில்தான் வலிமை இருந்தது.

இதற்கு இரண்டு ஆட்சேபனைகள் வரும், இரண்டும் கனமானவை. ஒன்று வரலாற்றிலிருந்து. உடைமைக்கு விதி எழுதினால் விதி சட்டமாகும், சட்டம் ஓட்டை தேடும். அசிசியின் பிரான்சிஸ் 1226-இல் இறந்து நூறாண்டு ஆவதற்குள் அவருடைய சபைக்கு நேர்ந்தது அதுதான். துறவிகளுக்கு உடைமையே இல்லை, அவர்கள் உண்பதும் உடுப்பதும் போப்பின் சொத்து, அவர்கள் வெறுமனே பயன்படுத்துகிறார்கள் என்றொரு சட்டக் கற்பனை எழுந்தது. ஏட்டில் ஏழைகள், நடப்பில் பெரிய மடங்கள். இந்தக் கற்பனையைப் போப் 22-ஆம் யோவான் 1322-இல் கலைத்தார்; மறு ஆண்டு, கிறிஸ்துவுக்கும் சீஷருக்கும் உடைமையே இல்லை என்பதே தவறான போதனை என்று அறிவித்தார். அதற்கு முன்பே, 1318-இல், கடும் ஏழ்மையை விடமாட்டோம் என்ற நான்கு துறவிகள் மார்செய்யில் எரிக்கப்பட்டார்கள். உடைமை பற்றிய விதி மனிதரை எரிக்கும் விறகாகவும் மாறலாம் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அங்கே நடந்ததைக் கவனித்தால், விதி நீதிமன்றத்துக்குப் போனபோதுதான் அழுகியது. பன்னிரண்டு பேர் ஒருவரையொருவர் வாரந்தோறும் பார்க்கும் இடத்தில் சட்டக் கற்பனைக்கு வேலையில்லை. யார் வீட்டில் என்ன வந்திறங்கியது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு ஆட்சேபனை மலைப்பிரசங்கத்திலிருந்தே வரும். தர்மம் செய்யும்போது வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்பது இயேசுவின் கட்டளையாயிற்றே, நீ எண்ணை வெளியே சொல்லச் சொல்கிறாயே? அந்தக் கட்டளை மறைக்கச் சொல்வது கொடையை. காரணம், கொடை புகழைக் கொண்டுவரும். வைத்துக்கொண்டதைச் சொன்னால் யாரும் புகழப்போவதில்லை. சகேயு தன் வீட்டில் எல்லார் முன்பாகவும் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப என்று அளவு சொன்னபோது இயேசு அவனைத் தடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென்றார்.

நம் சபைகளில் இது முற்றிலும் தலைகீழாக இருக்கிறது. வெஸ்லியின் வழிவந்த மிஷனெரிகள் 1814-இல் இலங்கையில் இறங்கி யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போனார்கள். 1817-இல் சென்னைக்கு வந்தார்கள். அவர்கள் நாட்டிய சபைகளில் தென்னிந்தியாவில் இருந்தவை 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தன. தமிழ்க் கிறிஸ்தவருக்குக் கொடுக்கத் தெரியாமலில்லை. சோறு வடிக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவந்த திருநெல்வேலிப் பெண்களின் பிடியரிசிக் காணிக்கையை நினைத்தாலே போதும். திருநெல்வேலி மக்கள் 1903-இல் தங்கள் சொந்தப் பணத்தில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதில் முன்னின்ற வேதநாயகம் அசரியா பின்னாளில் கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். பிடியரிசியில் ஒரு நுட்பம் உண்டு. அது உலையில் போடும் முன்பே எடுக்கப்படுகிறது; குடும்பம் மீதியில் சாப்பிடுகிறது. மூன்றாம் விதியை முதலில் வைத்த ஏற்பாடு அது.

இன்று அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காய் ஏலத்துக்கு வருகிறது. விலை ஆயிரங்களில் ஏறுகிறது, எடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் முழங்குகிறது. கொடுத்த தொகை ஊருக்கே தெரியும்; கொடுத்த பின் மீந்தது யாருக்கும் தெரியாது. அமெரிக்கப் பிரசங்கி ஓரல் ராபர்ட்ஸ் பரப்பிய விதை விசுவாசத்தின் தமிழ்ப் பதிப்போ தொலைக்காட்சியில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. காணிக்கையை விதை என்று சொல்லி, பன்மடங்கு விளைச்சலை வாக்குக் கொடுக்கிறது. அங்கே மூன்றாம் விதி முதல் விதிக்கு வேலைக்காரனாகிவிட்டது. கொடுப்பதே சம்பாதிக்கும் வழியாகிவிட்டது. வெஸ்லியின் குறை, எல்லை போடாமல் விட்டது. இதுவோ எல்லையே வேண்டாம் என்று போதிக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

எண்ணை யார் முதலில் சொல்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஏழை விசுவாசியிடமிருந்து தொடங்க முடியாது. அவனுடைய எண் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும், அவன் உடுத்தியிருப்பதிலேயே தெரியும். செல்வந்தரிடம் நேரடியாகக் கேட்டால் சபை இரண்டாகும். வெஸ்லி 12 பவுண்டு என்று தம் பிரசங்கிகளிடம் தொடங்கியது சரியான இடம். அங்கேயே நின்றுவிட்டதுதான் பிழை. ஆயரும் பேராயரும் தங்கள் குடும்பத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு போதும் என்பதை எழுதிச் சபைக் கூட்டத்தில் வாசிக்கட்டும். நிலமும் கல்லூரியும் வாடகைக் கடைகளும் உள்ள திருமண்டலங்கள் தங்கள் நடப்புக்கு எவ்வளவு போதும், மீந்தது எங்கே போனது என்பதை அதே கூட்டத்தில் வாசிக்கட்டும். அடுத்த ஆண்டு அதே கூட்டத்தில் எழுந்து, தம் எண்ணைச் சொல்ல ஒரு கடைக்காரருக்கோ ஒரு மருத்துவருக்கோ அப்போதுதான் வாய் வரும்.